கோயிலுக்கு வெளியே காஞ்சிபுரம்

ஊர் சுற்றிக்காட்டும் தொழிலில் சிரமமான வேலை, வந்தவர்களைக் கோயிலை விட்டு வெளியே கிளப்புவதுதான். வெளியூர் விருந்தாளிக்கு ஊரைக் காட்டப் போய் வெயிலில் அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அதுவே பிழைப்பு. அறுபதுகளின் கடைசியில் தொடங்கி எட்டு வருஷம், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவர்களை நடத்தியே அழைத்துப் போனேன். கோயிலை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், தெருவைக் காட்டத்தான் ஓர் ஆள் வேண்டும் என்பது என் கட்சி.

படத்தில் இல்லாதது

பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண், நோட்டும் பென்சிலுமாக மார்க்கெட்டுக்குள் நுழைந்தார். கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, வெற்றிலை விற்கும் ராஜம்மாவுக்கு எதிரே ஒரு சாக்கை விரித்து அவளை வரைய உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கீரைக்காரிகூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

படம் அச்சாக ராஜம்மாதான். காம்பு கிள்ளும் விரல்கூட அப்படியே விழுந்திருந்தது. எனக்கே அதிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை. ராஜம்மா நோட்டை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே கொண்டுவந்தும் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. எம் மூக்குத்திய எங்க வச்சாங்கன்னு கேளுபா."

தூறலில் பாவு

சேலையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். பிள்ளையார்பாளையத்தில் காலை நேரத்தில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மெட்ராஸிலிருந்து வந்த ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், இப்படித் தெருவை அடைத்தால் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே ஓரமாக நடந்தார்.

திடீரென்று தூறல் விழுந்தது. நனைந்தால் இழையெல்லாம் ஒட்டிப் பாவே வீணாகிவிடும். நெசவாளர் ஆறுமுகத்தின் ஆட்கள் இரண்டு பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அதிகாரி குடையை என் கையில் திணித்துவிட்டு, கேட்காமலே போய்ப் பாவைத் தாங்கி நின்ற ஒரு கழியைத் தூக்கினார். ஆறு பேர் இழை தளராமல் தெருக்கோடி மண்டபத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓர் இழைகூட அறவில்லை. அவர் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. ஆறுமுகம் பாவைத் தடவிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "ரெண்டு தப்படி வேகமா நடந்துட்டீங்க சார். மத்தபடி கை சுத்தம்."

காது கொடுத்தவர்

பார்வையில்லாத பாட்டு வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். எனக்குத் தறிச் சத்தம் கேட்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அதே பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்தில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் தறிகள். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவரோ ஒவ்வொரு வீட்டுச் சன்னலாக நின்று, தொடையில் தாளம் போட்டு ரசித்துக்கொண்டே வந்தார்.

ஒரு சன்னலருகே தாளம் போட்ட கை நின்றது. உள்ளே யாரோ விழுந்துவிட்டார்கள், போய்ப் பாருங்கள் என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தயங்கினேன். அவர் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். உள்ளே நெசவாளர், கால் மிதிக்கும் தறிக்குழிக்குள் மடங்கிக் கிடந்தார். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வெளியே தூக்கி, ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்த அவர் மனைவி, அப்புறம் என்னைப் பார்த்தபோது சொன்னது இதுதான்: "கண்ணு தெரிஞ்சவங்க எத்தினியோ பேரு எங்க வீட்டத் தாண்டிக்கினுதான் இருந்தாங்க."

தென்னை மரமும் செக்கும்

பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்களில் ஒருவர் கண்ணம்மா. பதினாறு வயதில் கல்யாணமாகி ரங்கூன் போனவர். புருஷன் அங்கேயே இறந்துவிட்டார். இந்த ஊரில் இருந்த அக்காவைத் தேடி வந்திருந்தார்; அவளிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதம் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அக்கா புருஷன் பெயர் பெருமாள் என்றார். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். விலாசம் எழுதிய காகிதமெல்லாம் ரங்கூனிலேயே போய்விட்டது, ஆனால் கடைசிக் கடிதத்தில் அக்கா எழுதியிருந்தது அவருக்கு மனப்பாடம்: வாசலில் நின்றால் இரண்டு தென்னைக்கு நடுவே கோபுரம் தெரியும், தெருமுனையில் செக்கு இருக்கிறது.

இரண்டு நாள் நடந்தோம். பெரிய காஞ்சிபுரம் முடிந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தோம். எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் ஏதோ ஒரு கோபுரம் தெரிகிற ஊர் இது. அதைப் பெருமையாகச் சொல்லியே பிழைத்த எனக்கு, அன்று அதுவே பெரிய தொல்லையாக இருந்தது. இரண்டாம் நாள் நடுப்பகலில், நாளைக்கு வரலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு ரைஸ் மில் வந்தது. மில்காரரிடம் விசாரித்தால், முன்னே இதே இடத்தில் செக்குதான் இருந்தது என்றார். தெருவுக்குள் போனோம். ஒரு தென்னைதான் நின்றது, பக்கத்தில் வெட்டிய அடிமரம். கண்ணம்மா ஒரு வாசலில் ஏறி, திரும்பி நின்று கோபுரத்தைப் பார்த்தார். அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

உள்ளேயிருந்து நரைத்த தலையோடு ஓர் அம்மாள், கையில் கரண்டியோடு யாரென்று பார்க்க வந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் ஒதுங்கினேன். அக்கா கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் தங்கையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்: "காலக் கழுவிக்கினு உள்ள வா. சோறு ஆறுது."

எட்டு வருஷம் ஊரைச் சுற்றிக்காட்டிய நான், இன்றைக்கும் ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டு, இது எங்கே போய் முடிகிறது என்று எதிரில் வருகிறவரைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.