மேட்டுப் பரணுக்கு ஐந்து குண்டு

கடையில் விற்கும் எந்தப் பொருளையும் அப்படியே பயன்படுத்த ரெய்னோ சல்மேலாவுக்குத் தெரியாது. கையுறை வாங்கினால் விரலை வெட்டுவான். விளக்கு வாங்கினால் தொப்பியில் ஒட்டுவான். முப்பத்தொரு வருஷமாக எங்கள் மாவட்டத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஏரிக்கரையிலிருந்து பழைய சுரங்கம் வரைக்கும் போகிற ஒன்பதாம் நம்பர் ரோடு முழுக்க அவன் பொறுப்பு. விடிவதற்குள் அதை மழமழவென்று வழித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மிச்சப் பொழுதைக் கொட்டகையில் எதையாவது கழற்றி மாட்டிக் கெடுப்பான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டில்தான் பெண்டாட்டி லோர்னாவின் பிராணனை வாங்குவான்.

லோர்னாவின் அண்ணன் வெர்ன். ரெய்னோவும் வெர்னும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவர்கள். நவம்பரில் மான் வேட்டைக்கு ஒன்றாகத்தான் போவார்கள். குடும்பக் காட்டில் மானுக்காக ஏறிக் காத்திருக்க இரண்டு பரண். ஒன்று கீழே, தேவதாரு மரங்களுக்கு நடுவில், காற்று படாத சதுப்பில். இன்னொன்று மேட்டு உச்சியில், நாலரை வருஷத்துக்கு முன்னால் கோடையில் இருவரும் சேர்ந்து கட்டியது. கடைசி ஆணியை அடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ரெய்னோ பார்த்தான்: ஒன்பதாம் நம்பர் ரோடு மொத்தமும் கீழே கிடந்தது. இதைப் பனிக்காலத்தில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே ஆசை பிடித்துவிட்டது. சும்மா ஏறிப் பார்த்தால் தீர்ந்தது, இல்லையா? ரெய்னோவாவது, சும்மா ஏறுவதாவது! முறைப்படி ஜெயித்துத்தான் ஏறுவேன் என்று போட்டி வைத்தான். ஜனவரியில் ஆளுக்கு ஐந்து குண்டு. ஜெயித்தவனுக்கு அந்த வருஷ வேட்டைக்கு மேட்டுப் பரண்.

சட்டதிட்டங்களை எல்லாம் அவனேதான் பலகையில் சூடு போட்டு எழுதி, நீராவிக் குளியலுக்கான சானா அறையின் சுவரில் அடித்து வைத்திருந்தான். 'யார் தாளில் ஓட்டையோ, ஓட்டை அவருக்கே' என்பது ஒன்று. முதல் வருஷம் தன் தாளில் விழுந்த ஏதோ ஒரு ஓட்டையை வெர்ன் தன்னுடையது என்று சொல்லிவிடப் போகிறானே என்கிற பயத்தில் எழுதியது. 'ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் பரண் ஆயுசுக்கும் சொந்தம்' என்பது இன்னொன்று. ஐந்து வருஷமும் தான்தான் ஜெயிக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையில் எழுதியது. அடுத்தடுத்து நாலு வருஷம் வெர்ன் ஜெயித்தான். இந்த ஜனவரியும் தோற்றால் ரெய்னோவுக்கு மேட்டுப் பரண் இந்த ஜென்மத்தில் இல்லை.

அதனால் மனுஷன் ஆயத்தத்தில் இறங்கினான். துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கிற தூரக்கண்ணாடி, புது ஸ்கோப் ஒன்று வாங்கினான். வெள்ளிக்கிழமை பொருத்திச் சுட்டுப் பார்த்து, குறி சரியாக நிற்கும்படி திருகி வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், குளிரில் சுடப் போகிற துப்பாக்கியை முந்தின நாளே குளிரிலேயே வைத்துவிட வேண்டும் என்று. ரெய்னோவுக்கும் தெரியும். ஆனால் புது ஸ்கோப்பின் மேல் அவ்வளவு பிரியம். கொட்டகையில் கிடந்து விறைத்துப் போகுமே என்று மனசு கேட்காமல், சனிக்கிழமை சாயங்காலம் சானாவில் உடை மாற்றும் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான். நீராவியில் குளித்துவிட்டு வெளியே வந்தவன், அதற்கும் ஒரு துண்டைப் போர்த்திவிட்டான்.

ஞாயிறு காலை, வெயில் பளீரென்று இருந்தது, குளிர் மூக்கைக் கடித்தது. வீட்டுக்குப் பின்னால் சரளை தோண்டிய பெரிய பள்ளம். அந்தக் கோடியில் மண்மேட்டுக்கு முன்னால் இரண்டு சட்டங்கள், ஆளுக்கொரு தாள். இடது பக்கம் ரெய்னோவுடையது, வலது பக்கம் வெர்னுடையது. லோர்னா வண்டியின் பின்பலகையை இறக்கி, காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்து வைத்தாள். மகள் பிரிட்டா கழுத்தில் விசிலோடு நடுவராக நின்றாள். வெர்ன் பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் களையே இல்லை.

அப்போதுதான் ரெய்னோ கொட்டகையிலிருந்து வந்தான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை விரிப்பு, கண்ணுக்கு மட்டும் சந்து. கையில் பழைய பனிச்சறுக்குப் பலகைமேல் ஆணி அடித்த முக்காலி.

"என்ன மச்சான், படுக்கையிலேர்ந்து நேரா எந்திரிச்சு வந்துட்டியா?" என்றான் வெர்ன்.

"பனியோட பனியா கலந்துருவேன்டா. மான் பக்கத்துல வந்து மோந்து பாத்தாக்கூடத் தெரியாது."

"மானுக்குத் தெரியாது, சரி. வேட்டைக்கு எல்லாரும் ஆரஞ்சு சட்டை எதுக்குப் போடறாங்க? பக்கத்துக் காட்டுக்காரன் மான் வாலுன்னு நெனச்சு உன் பின்னாடியே சுட்டுருவான்!"

"மான் எங்கடா நீலப் பூப்போட்டு வரும்?"

லோர்னா காப்பிக் குடுவையை டொக்கென்று வைத்தாள். "நீலப் பூவா? திரும்பு. ரெய்னோ! அது விருந்தாளி வந்தா விரிக்கறது! ஓட்டை வேற போட்டிருக்கியா?"

"கண்ணுக்கு மட்டுந்தான்."

"இனிமே யாராவது வந்தா, படுத்துக்கிட்டே எட்டிப் பாக்கட்டும்."

"அப்பா, சாக்ஸ்ல என்ன ஒயரு?" என்றாள் பிரிட்டா.

பாட்டரி சாக்ஸ் அவன் சொந்தக் கண்டுபிடிப்பு. சுவிட்சைக் காலணிக்கு உள்ளே வைத்துத் தைத்திருந்தான். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு, காலணியைக் கழற்றாமல் அணைக்க முடியாது. அது அவனுக்கு அடுத்த பத்தாவது நிமிஷம்தான் தெரிய வந்தது. முதலில் ஒரு காலைத் தூக்கினான், பிறகு இன்னொரு காலை. அப்புறம் விரிப்போடு சேர்ந்து குதிக்க ஆரம்பித்தான். "சுடுது! ஐயோ, சுடுது!" பிரிட்டாவும் வெர்னும் ஆளுக்கொரு காலணியைச் சாக்ஸோடு பிடித்து இழுத்தார்கள். வெறுங்காலைப் பனிக்குள் விட்டதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. லோர்னா சிரித்துச் சிரித்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஆரம்பிக்கலாமா?" என்று பிரிட்டா வெர்னைக் கேட்டாள்.

வெர்ன் ரெய்னோவின் பக்கம் திரும்பினான். "ஏன் ரெய்னோ, அந்த ஆயுசுக்கும்ங்கற சட்டம்... அது நெசமாவே ஆயுசுக்குந்தானா?"

குத்திக் காட்டுகிறான் பார், என்று ரெய்னோ முறைத்தான். "பலகையில எழுதினா எழுதினதுதான்" என்றான் வீராப்பாக.

பிரிட்டா விசில் ஊதினாள். இருவரும் சத்தம் தடுக்கும் காதுமூடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்கள். ரெய்னோ முக்காலியில் உட்கார்ந்து ஸ்கோப்பின் மூடியைத் திறந்து கண்ணை வைத்தான். வெள்ளை. சரி, பனி. கொஞ்சம் நகர்த்தினான். அங்கேயும் வெள்ளை. வானத்தைப் பார்த்தான், வானமும் வெள்ளை. சானாவின் ஆவி மொத்தமும் மூடிக்குள் அடைபட்டுக் கிடந்து, குளிர் பட்டதும் கண்ணாடி பூராவும் உறைந்து நின்றது. பக்கத்தில் வெர்னின் துப்பாக்கி டொப் டொப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஸ்கோப்பின் கண்ணாடியில் வாய் வைத்து ஊதினான். ஊதியதும் உறைந்தது. நகத்தால் சுரண்டினான். கடைசியில் ஒரு பருப்பளவு இடம் தெளிந்தது. அந்தப் பருப்புக்குள் தேடித் துழாவ, முக்காலி கொஞ்சம் சறுக்கியது. அட கடவுளே, தாள்! கறுப்புப் புள்ளி! எங்கே மறுபடி காணாமல் போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வாழ்க்கையில் அப்படி அசையாமல் அவன் சுட்டதே இல்லை. அது அவனுக்கே தெரிந்தது.

துப்பாக்கிகளைக் காலி செய்து, திறந்து வைத்த பிறகு பிரிட்டா போய்த் தாள்களைக் கொண்டுவந்தாள். லோர்னாதான் எண்ணுவாள். இரண்டு பேரில் ஒருவன் புருஷன், ஒருவன் அண்ணன். அவளுக்கு இருவர் மேலும் ஒரே அளவு சலிப்பு, அதனால் கணக்கு நேர்மையாக இருக்கும்.

"இடது தாள், ரெய்னோ. அம்பதுக்கு நாப்பத்தி நாலு."

ரெய்னோ துள்ளினான். போன வருஷம் அவன் எடுத்தது முப்பத்தொன்று.

"வலது தாள், வெர்ன். நாப்பத்தெட்டு."

ரெய்னோ அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். வெர்னோ பேயறைந்தவன் போல நின்றான்.

"நாப்பத்தெட்டா? அதெப்படி? அந்தத் தாள்ல நான் ஒண்ணுகூடச் சுடலையே!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பிரிட்டா இரண்டு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "மாமா தாள்ல பெரிய ஓட்டை. பெரிய குண்டு அப்பாவோட துப்பாக்கி. அப்பா தாள்ல எல்லாம் சின்னது, மாமாவோட துப்பாக்கி. ரெண்டு பேரும் மாத்திச் சுட்டிருக்கீங்க!"

"எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு தாளுதான்" என்றான் ரெய்னோ ஈனசுரத்தில். "ஸ்கோப்பு சானாவுல இருந்துச்சு."

"சானாவுலயா?" மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அத விடுங்க. நீ ஏன்டா என் தாள்ல சுட்ட?"

வெர்ன் வாயிலிருந்து கையை எடுத்தான். "தோக்கணும்டா எனக்கு! அந்த மேட்டுல காத்து மூக்க அறுக்குது. நாலு வருஷமா ஒரு மான் பாக்கல. நீ கீழ சொகமா உக்காந்து வருஷம் ஒண்ணு இழுத்துட்டு வர்ற. இதுல ஆயுசுக்கும் வேறயா?"

"அப்ப உன் தாள்லயே மோசமா சுட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"போன வருஷம் அதான் பண்ணேன். நான் எவ்ளோ மோசமா சுட்டாலும் நீ அதவிட மோசமா சுடற. நான் என்னடா செய்யட்டும்?"

லோர்னா திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். ரெய்னோவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ஆயுசிலேயே பிரமாதமாகச் சுட்ட ஐந்து குண்டும், தன் கைப்பட எழுதிய சட்டப்படி, தன் பரணைத் தூக்கி மச்சானுக்குக் கொடுத்துவிட்டன. அழுகைதான் வந்தது. விரிப்பின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அப்படி என்னடா இருக்கு அந்த மேட்டுல?" என்றான் வெர்ன்.

"ரோடு."

"எந்த ரோடு?"

"என் ரோடு. ஒம்பதாம் நம்பரு. அங்கேர்ந்து முழுசாத் தெரியும். பனி வழிச்சப்புறம் எப்படி இருக்கும்னு ஒரு தடவ உக்காந்து பாக்கணும்."

"முப்பத்தொரு வருஷமா அதுலதானடா கெடக்கற!"

"வண்டிக்குள்ளேர்ந்து என்னடா தெரியும்? வெளக்கு அடிக்கிற தூரந்தான் தெரியும்."

வெர்ன் தங்கையின் பக்கம் திரும்பினான். "லோர்னா, சட்டப்படி பரண் ஆயுசுக்கும் என்னுதுதானே?"

"உன்னுதுதான்."

"அப்ப அதுல யாரு உக்காரணும்னு நாந்தான் சொல்லணும். டேய், ஏறித் தொலை. கீழ்ப் பரண் எனக்கு."

"ஜெயிக்காம எப்படிடா ஏறறது?"

"நாப்பத்தெட்டு சுட்டவன் யாரு, நானா?"

நவம்பர் வந்தது. வேட்டையின் முதல் நாளே நல்ல பனி. ரெய்னோ லீவு போட்டுவிட்டு, விடியும் முன்பே மேட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்தான். லோர்னாவின் கட்டளைப்படி ஆரஞ்சு சட்டை. காற்று மூக்கை அறுக்கத்தான் செய்தது. வெளிச்சம் வந்ததும் ரோடு தெரிந்தது, ஏரியிலிருந்து சுரங்கம் வரைக்கும் ஒரே கோடாக. அதில் அவனுடைய மஞ்சள் வண்டி மெல்ல ஊர்ந்தது, அவனுக்குப் பதிலாக வந்த ஆள் ஓட்டிக்கொண்டிருந்தான். ரெய்னோவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கைக்கு எட்டுகிற தூரத்தில், பரணுக்கு நேர் கீழே, கிளைக்கொம்போடு ஒரு மான் வந்து நின்றதை அவன் கவனிக்கவே இல்லை.

பாலத்து வளைவில் வண்டி, ஓரத்துப் பனியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பியது.

"அட எருமை!" ரெய்னோ எழுந்து நின்று கத்தினான். "வளைவுல பிளேடை எறக்குடா! அது ரோடா, உங்கப்பன் வீட்டுக் களமா?"

மான் விழுந்தடித்துக் கீழே சதுப்பைப் பார்த்து ஓடியது. ஒரு நிமிஷம் கழித்து அங்கிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"மச்சான், தேங்க்ஸ்டா! நல்லா பெரிசு! ஆமா, அங்க ரொம்பக் குளிருதா? வேணும்னா மாத்திக்கலாம், எறங்கி வா."

ரெய்னோவின் பல் தந்தி அடித்தது. "குளிரா? எனக்கு வேர்க்குதுடா" என்றான். குனிந்து காலணியைக் கழற்றி, சாக்ஸ் சுவிட்சைப் போட்டுக்கொண்டு மாட்டினான். வளைவு இன்னும் பாக்கி இருந்தது. அந்த ஆள் திரும்பி வரும்போதாவது ஒழுங்காக வழிக்கிறானா என்று பார்க்காமல் அவன் இறங்குவதாக இல்லை.