நான் எடுத்த ஒடுக்கு

பழங்காநத்தத்தில் அடிபட்ட கார்களுக்கு ஒடுக்கு எடுக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். எங்கே நெளிவைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது.

என் மகள் தாரணிக்கும் பக்கத்து வீட்டு பாத்திமாவுக்கும் பேபிளேடு பம்பரச் சண்டைதான் உலகம். ஒரு பழைய அலுமினியத் தாம்பாளத்துக்குள் ஆளுக்கொரு பம்பரத்தைச் சுழற்றி மோத விடுவார்கள். அந்தத் தாம்பாளம் நடுவில் குழிந்து, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று, அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அதைத் தட்டிச் சமமாக்கி பாலிஷும் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் வந்தவள் தாம்பாளத்தின் நடுவை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "நல்லாருக்குப்பா" என்றாள்.

பம்பரங்களை விட்டார்கள். ஒன்று இந்த ஓரம், இன்னொன்று அந்த ஓரம் ஓடி, மோதாமலே சாய்ந்துவிட்டன.

பாத்திமாதான் சொன்னாள். "நடுவுல பள்ளம் இருந்தாத்தான் மாமா ரெண்டும் முட்டும். இவதான் ஒரு வாரமாக் கல்ல வச்சுத் தட்டிப் பள்ளமாக்குனா."

"விடுடி. அப்பா கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காரு" என்று தாரணி அவளை அடக்கினாள்.

ஒன்பது வயசுப் பிள்ளை, என் மனசு நோகக்கூடாதென்று பொய் சொல்லியிருக்கிறது. எனக்கோ சுத்தியலை எடுக்குமுன் அவளை ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சுத்தியலை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டேன். "எங்க அடிக்கணும்னு எனக்குத் தெரியாதுத்தா. நீயே அடி."

இப்போதெல்லாம் பட்டறைக்கு வண்டி வந்தால், "ஒடுக்க எடுத்துறவாண்ணே?" என்று கேட்டுக்கொள்கிறேன். "அதுக்குத்தானப்பா கொண்டாந்துருக்கேன்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.