முதலில் எந்த மனு?

மனு டைப் அடிப்பவனுக்குக் கண்ணும் விரலும் இருந்தால் போதும், வாய் தேவையில்லை. கூச்சக்காரனான நான் இங்கே தங்கச் சுரங்கம் மூடியபின் இந்த வேலைக்கு வந்தது அதனால்தான். ஆனால் கோர்ட் வாசலில் மேஜை போட்டு அவதிப்படும் உங்களுக்கெல்லாம் தெரியும், வக்கீலிடம் கேட்க வேண்டியதை ஜனங்கள் நம்மிடம்தான் கேட்பார்கள்.

இரண்டு கட்டு

முருகேசனும் அவர் மனைவி செல்வியும் ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். லேத் பட்டறை நொடித்துவிட்டது, கல்யாணமும் அப்படியே. வக்கீல் எழுதிக் கொடுத்த இரண்டு கட்டுகளை வைத்தார்கள். முருகேசனின் திவால் மனு பதினான்கு தாள், கோலார் ஜில்லா கோர்ட்டுக்குப் போக வேண்டியது. இருவரும் சம்மதித்துப் பிரியும் மனு ஒன்பது தாள், இந்த கோர்ட்டிலேயே போட வேண்டியது.

இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, எதை முதலில் அடிப்பது என்று கேட்டேன். என் வேலை வரிசைக்காகத்தான் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதை முதலில் போடுவதென்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று வக்கீல் விட்டுவிட்டாராம்.

"அதத்தான் அய்யா மூணு மாசமா பேசினு இருக்கோம்" என்றார் செல்வி.

தனியாக வந்தவர்

மறுநாள் முருகேசன் மட்டும் வந்து, விவாகரத்தை முதலில் அடிக்கச் சொன்னார். ஒன்றரை வருஷமாக ஒரே குவார்ட்டர்ஸில் இரண்டு அடுப்பு எரிகிறது. ஆனால் கடன்காரர்கள் கதவைத் தட்டினால் திறப்பது செல்விதான். பிரிந்துவிட்டால் அவர் பங்காருபேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். கோலார் வழக்கைத் தான் ஒருவராகவே பார்த்துக்கொள்ளலாம் என்றார். இப்படி யோசிக்கிற மனிதரைச் செல்வி எதற்காக விடுகிறார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

"என்னால அவளுக்கு மூச்சு முட்டினது போதும்ங்க. கடங்காரன் வேற எதுக்கு?"

ஒன்பது தாள்

ஒன்பதையும் பிழையில்லாமல் அடித்து வைத்தேன். கையெழுத்துப் போட வந்த செல்வி, நின்றபடியே படித்தார். மடித்து என்னிடமே தந்து, இது மேஜைக்குள் இருக்கட்டும், மற்றதை அடியுங்கள் என்றார்.

இத்தனை வருஷத்தில் யாரிடமும் காரணம் கேட்டவனில்லை. அன்று வாய் தவறி ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"கடன் பத்திரத்துல கையெழுத்து அவரோடதுதான். ரெண்டாவது லேத்த வாங்கச் சொன்னது நானு."

டோக்கன் கணக்கு

கடைசியில் என் மேஜை முன்னாலேயே வழக்காடினார்கள். இப்பவே போய்விடு என்கிறார் முருகேசன்; கோலார் வழக்கு முடியட்டும் என்கிறார் செல்வி. நான் தலை நிமிராமல் கார்பன் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாரிகுப்பத்தில் சுரங்க ஷாஃப்ட் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு ஒரு பித்தளை வில்லை. ஷிப்ட் முடிந்து ஏறி வந்து அதைத் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த கேங்கில் ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். செல்வியின் அப்பா என்னிடம் வில்லை வாங்கியவர். செல்வி அதைச் சொல்லிவிட்டு, இரண்டு பேர் இறங்கி ஒருவர் மட்டும் ஏறி வந்தால் அவரை வீட்டுக்கு விடுவீர்களா என்று என்னைக் கேட்டார். மாட்டேன் என்று தலையசைத்தேன். அவர் புருஷன் பக்கம் திரும்பியபோது என் விரல்கள் எண்ணுவதை விட்டுவிட்டன.

"மொதல்ல ரெண்டு பேரும் மேல வருவோம். அப்புறம் நீங்க உங்க வழி, நான் என் வழி."

கோலாருக்கான பதினான்கையும் அடித்து முதலில் கொடுத்தேன். மேஜைக்குள் இருக்கும் ஒன்பதோடு மொத்தம் இருபத்து மூன்று தாள், ஒரு திருத்தம்கூட இல்லை. பிரிவதற்கு இவ்வளவு ஒற்றுமை வேண்டுமென்று என் கல்யாணத்தில்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.