கொழும்புக்குப் போய் வந்த மடிக்கணினி

மகளின் படிப்புக்கு, ஏற்கெனவே யாரோ பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்க மட்டக்களப்பிலுள்ள கடையொன்றுக்குப் போனேன். முதலாளி சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. நான் ஆசிரியை, தெரிந்த முகங்கள் நிற்கும் கடையில் பேரம் பேச வராது. "யோசிச்சிட்டு வாறன் தம்பி" என்று சொல்லி என் ஊரான உன்னிச்சைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அதே மாதிரி மடிக்கணினி இணையத்தில் பத்தாயிரம் ரூபாய் குறைவாக இருப்பதை மகள் காட்டினாள். உடனே ஓடர் செய்தோம். ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது. எத்தனை தரம் பொத்தானை அழுத்தியும் திரையில் வெளிச்சமில்லை. ஏமாந்துவிட்டோம் என்று பயந்து, வெட்கத்தை விட்டு அந்தக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

முதலாளி அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், இது நம்மட சாமான். நம்மட ஸ்டிக்கர் ஒட்டிக் கிடக்கு. வேற பேரில ஒன்லைன்லயும் விக்கிறம். இஞ்சயிருந்து கொழும்புக்குப் போய்த்தான் உங்களுக்கு வந்திருக்கு."

எனக்குத் தலை சுற்றியது. "அப்ப எனக்கு ஏன் கூட்டிச் சொன்னீங்க?"

"கடைக்கு வாற ஆக்கள் குறைச்சுக் கேப்பாங்க எண்டு கூட்டித்தான் சொல்றது. நீங்க ஒண்டும் கேக்காம எழும்பிப் போயிட்டீங்களே!"

பயணத்தில் கழன்றிருந்த பற்றரியை அவர் அழுத்திப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது. காசு வாங்கவில்லை.

நான் கடையில் வாங்கினேனா, இணையத்தில் வாங்கினேனா என்று இன்றும் விளங்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் விலையைக் கேட்டவுடன் எழும்புவதில்லை. கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.