சட்டிகளுக்குச் சொந்தக்காரி

அந்த வசந்தத்தில் நான் அடைபட்டுக் கிடந்ததற்கு முதல் காரணம் கொரோனா. இரண்டாவது காரணம் பெட்டிகள். லண்டனின் ஹென்டன் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மேல்தட்டில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். கீழ்த்தட்டில் புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு யூதத் தம்பதி. இரண்டு வீட்டுக்கும் தெருவாசல் ஒன்றுதான். அந்த வாசலுக்கும் என் மாடிப்படிக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய நடையில் அவர்களுடைய கலியாணப் பரிசுகள் பிரிக்கப்படாமல் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. சட்டிகள், தாச்சிகள், கண்ணாடிக் கோப்பைகள். குப்பைப் பையை வாசலில் வைப்பதற்குக்கூட நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

எனக்கு ஆஸ்துமா. ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டு வருகிற அளவுக்கு ஆஸ்துமா. வாசலைத் தாண்ட வேண்டாம், பிறர் தொட்ட சாமானைத் துடைக்காமல் தொட வேண்டாம் என்று டொக்டர் போனில் சொல்லிவிட்டார். கணவர் பஸ் ஓட்டுகிறவர். வேலையை விடவும் முடியாது, நோயைக் கொண்டுவந்து எனக்குத் தந்துவிடுவாரோ என்ற பயமும் போகாது. உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு அறை, ஒரு குசினி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், நான். ஜன்னலைத் திறந்தால் அம்புலன்ஸ் சத்தம், மூடினால் என் மூச்சுச் சத்தம். எது மேல் என்று தெரியாமல் பாதி திறந்து வைத்திருந்தேன்.

மாதா கோயில் ஞாயிறு பூசையைப் போனில் பார்த்தபடியே வெங்காயம் உரித்தேன். யார் கேட்கப் போகிறார்கள்? சுவரோடு சண்டை பிடிக்காததுதான் குறை. சண்டை பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது, பெட்டிகள் கிடைத்தன. ஒருநாள் படியின் உச்சியில் நின்று கத்தினேன்.

“இதுகளை உள்ளே எடுத்து வையுங்கள்! எனக்கு மூச்சு நின்றால் அம்புலன்ஸ்காரர் எப்படி மேலே வருவார்?”

கீழே கதவு கொஞ்சமாகத் திறந்தது. தலையில் துணி கட்டிய அந்தப் பெண்பிள்ளை முகக்கவசத்தோடு எட்டிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள். உள்ளே எடுத்தால் பாவிக்கச் சொல்லி மனம் ஆய்க்கினைப்படுத்தும், அதனால்தான் வெளியே வைத்திருக்கிறோம் என்றாள். உலோகமோ கண்ணாடியோ, புதுப் பாத்திரத்தை அதற்கென்று உள்ள தொட்டியில் முழுதாக முக்கி எடுத்த பிறகுதான் சமையலுக்குப் பாவிக்கலாமாம். அந்தத் தொட்டி இருக்கும் இடத்தையும் நோய்க்காக மூடிவிட்டார்கள். போதாததற்கு அவள் கணவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம், இனி அவர்களும் வாசலைத் தாண்டமுடியாது.

“புதுச் சட்டியை ஏன் முக்க வேண்டும்?” என்று கேட்டேன்.

“யூதரல்லாதவர்கள் செய்து விற்றது, அதனால்தான்” என்றாள் அவள், மழை பெய்கிறது என்று சொல்வது போல.

நான் கதவை அடித்துச் சாத்திவிட்டேன். ஊரில் என் அம்மா கூலிவேலைக்குப் போன வீட்டில் அவவுக்கென்று ஒரு தகரப் பேணி இருந்தது. கூரை விளிம்பில் செருகியிருக்கும். அம்மா அதை எடுத்துத் தண்ணீர் குடித்து, தானே கழுவி, திரும்பவும் அங்கேயே செருகுவா. அந்த வீட்டுக் குசினிச் சாமான் ஒன்றில் எங்கள் கை பட்டால் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பார்கள். கடல் கடந்து வந்து, வாடகையும் கட்டி, இங்கேயும் அதுவா? கணவருக்குப் போன் எடுத்தேன்.

“என்னப்பா, இஞ்சையும் அதே கதைதான். எங்களை மாதிரி ஆக்களின்ரை கைபட்ட சட்டியைத் தண்ணியிலை முக்கித்தான் எடுப்பினமாம்.”

“விடும். அவையின்ரை சட்டி, அவையின்ரை தண்ணி. நீர் கதவைப் பூட்டிக்கொண்டு இரும்.”

மறுநாள் காலை அவள் படியடியில் நின்று கூப்பிட்டாள். தங்கள் மதகுருவிடம் போனில் கேட்டாளாம். தொட்டி மூடியிருந்தால் ஒரு வழி உண்டு என்றாராம். பாத்திரங்களை யூதரல்லாத ஒருவருக்கு உண்மையாகவே கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து இரவல் வாங்கிப் பாவிக்கலாம். இந்தக் கூரைக்குக் கீழே அப்படி ஒருவர் நான்தான்.

“நேற்று ஆகாத கை இன்றைக்கு ஆகுமோ?” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். மேலே நின்றபடியே, மூச்சு வாங்க வாங்க, அம்மாவின் பேணியைப் பற்றிச் சொன்னேன். லண்டனில் அதுவரை ஒருவருக்கும் சொல்லாத கதை அது. தமிழருக்குச் சொல்ல வெட்கம், மற்றவர்களுக்குச் சொல்ல அலுப்பு. அவள் அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“இல்லை. ஐயோ, அப்படியில்லை. பாத்திரத்தில் ஒரு அசுத்தமும் இல்லை. உங்களுடையதாக இருக்கிற வரைக்கும் அதற்கு ஒரு குறையும் கிடையாது. எங்களுடையதாகும்போதுதான் தண்ணீரில் இறங்க வேண்டும்.”

சட்டிக்கு ஞானஸ்நானம் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை அழுக்கு என்பதற்காகவா நாங்கள் அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்? அவள் சொன்னதை முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் பிடி தளர்ந்துவிட்டது.

அடுத்த நாள் அவர்களுக்குப் பஸ்காப் பண்டிகை தொடங்குகிறது. அந்த நாட்களில், புளித்த மாவு பட்ட பாத்திரத்தைத் தொடக்கூடாது. இதுவரை அவள் சமைத்துவந்த, தாய் கொடுத்துவிட்ட பழைய சட்டி அதனால் உதவாது. மான்செஸ்டரில் தாய் வீட்டில் கொண்டாடுவதாக இருந்தார்கள், அதுவும் போயிற்று. அக்கம்பக்கத்து யூதரிடம் அவரவருக்கு வேண்டிய பஸ்காச் சட்டிதான் உண்டு, இரவல் தர மிச்சமில்லை. உள்ளே அவன் இருமுவது மேலே வரை கேட்டது.

“சூடாக எதையாவது காய்ச்சிக் கொடுக்க வேண்டும், எனக்கு வேறு வழியில்லை” என்று அழுதாள். “ஆனால் நீங்கள் ஒவ்வொன்றையும் கையால் தூக்க வேண்டும். தூக்கினால்தான் அது உங்களுடையதாகும்.”

கட்டிலில் போய் இருந்தேன். கையில் மூச்சுக்கு அடிக்கிற பம்ப். காய்ச்சல் வீட்டுக் கதவுக்கு முன்னால் கிடக்கும் பெட்டிகள், அவள் உட்கார்ந்து எழுந்த பெட்டி. திரும்பக் கணவருக்கு எடுத்தேன்.

“உமக்கென்ன விசரே? ஏலாது எண்டு சொல்லும். உமக்கு ஒண்டு நடந்தா, வந்து முகம் பாக்கக்கூட என்னை விடமாட்டினம்.”

அவர் சொன்னது சரிதான். எனக்குச் சாகப் பயம், அதுவும் அந்த அறையில் தனியே சாகப் பயம். அந்த இருமலையும் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. அவளைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கச் சொன்னேன். றப்பர் கையுறை போட்டு, சால்வையை மூக்கைச் சுற்றி இரண்டாகக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் பெரிய சூப்புச் சட்டி. பெட்டியைத் துடைத்து, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். நல்ல கனம். “இப்போது அது உங்களுடையது,” கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “விற்கலாம், எறியலாம், மேலே கொண்டுபோகலாம். நான் ஒன்றும் கேட்க முடியாது.” பிறகு தாச்சி, கோப்பைகள், கரண்டிகள். லண்டனில் ஒரு செங்கல் சொந்தமில்லாதவள், ஒரு குசினிக்கே சொந்தக்காரியாகிவிட்டேன். கடைசிப் பெட்டியோடு மூச்சு முட்டியது. படியில் உட்கார்ந்து பம்ப் அடித்தேன்.

பிறகு அவள் கேட்டாள்: “உங்கள் சட்டிகளை எனக்கு இரவல் தருவீர்களா?”

இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு “கொண்டுபோ பிள்ளை” என்று தமிழில்தான் வந்தது. பிறகு அவளுக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேலே போய்க் கையைக் கழுவிக் கழுவி, கணவருக்கு எடுத்தேன். ஏச்சு ஏசென்று ஏசினார். ஏசி முடியட்டும் என்று பார்த்திருந்துவிட்டுச் சொன்னேன்.

“பிறகு என்னட்டை இரவல் கேட்டவ. குடுத்தன்.”

ஊரில் எங்கள் வீட்டுச் சட்டியை, அவர் வீட்டுச் சட்டியை, எந்த அவசரத்துக்கும் வேலிக்கு அப்பாலிருந்து ஒருவரும் இரவல் கேட்டதில்லை.

“எங்களிட்டையோ?”

“ஓம்.”

“நீர் ஓம் எண்டு சொல்லும்மட்டும் பாத்துக்கொண்டு நிண்டவவோ?”

“ஓமப்பா. நிண்டவ.”

அவர் அழத் தொடங்கினார். நான் அவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், அவர் அழுது கேட்டதில்லை. கீழே பெட்டி பிரிக்கும் சத்தம் கேட்டது. கோலியர்ஸ் வுட்டுக்கு ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு வழியில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.