கடைசித் துண்டுக்கு முதல் தண்ணீர்

குளத்தில் தண்ணீர் குறைந்தால், எங்கள் குடியேற்றத் திட்டத்தில் கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. குளத்துக்குக் கிட்டிய வயல்களை மட்டும் எல்லாருக்குமாகத் துண்டு பிரித்துச் சீட்டுக் குலுக்குவோம். தண்ணீர் யாருக்கு முதல் என்பதைக் கூட்டம் அதற்கு முன்பே தீர்மானித்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் எனக்கு வாய்த்தது வாய்க்காலின் கடைசி வயல். மேல்வயல்காரர் பாய்ச்சி மிஞ்சினால்தான் எனக்கு. அந்த எரிச்சலில் கூட்டத்தில் எழும்பிக் கத்தினேன். "இந்தமுறை கடைசித் துண்டுக்குத்தான் முதல் தண்ணி! அங்கையிருந்து மேலை வரட்டும்!"

கைகள் உயர்ந்தன. பிறகு சீட்டு எடுத்தேன். குளத்து மதகடித் துண்டு! கூட்டமே சிரித்தது. கடைசித் துண்டு, இவ்வளவு காலமும் எனக்கு மேலே இருந்து தண்ணீரை மறித்தவருக்கு விழுந்தது. நாசமாய்ப் போக.

சோளகக் காற்று ஊதி ஊதிக் குளத்தை வற்ற வைத்தது. கதிர் வருகிற நேரம் என் வயல் வெடித்துக் கிடக்க, வாய்க்கால் தண்ணீர் என் வரம்பை உரசிக்கொண்டு அவருக்குப் போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தண்ணீர் பங்கிட நாங்கள் தெரிந்தெடுத்த வட்டவிதானை என் அக்காவின் கணவர்தான்; என் வயல் நெல்லில் அவர் வீட்டுக்கும் பங்கு. போய்க் கேட்டேன்.

"அத்தான், கொஞ்ச நேரம் திறந்து விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"கூட்டத்திலை கத்தினது ஆரடா, நானே?"

"உங்கடை பிள்ளையளும் இந்த நெல்லைத்தானே தின்னுதுகள்!"

"ஓம். எனக்கும் பசிக்கும்."

அதோடு அவரோடு கதைப்பதை விட்டேன். பின்னேரம் மண்வெட்டியோடு வரம்பில் நின்றேன். ஒரே வெட்டு, அவ்வளவுதான். அப்போது கடைசித் துண்டுக்காரர் வாய்க்காலோரமாக வந்தார்.

"தம்பி, தண்ணி வந்திட்டுது. அந்தத் தூரத்திலை இருந்து பாத்துக்கொண்டு நிக்கிறது பெரிய கொடுமையப்பா."

இத்தனை வருடம் கழித்து எனக்கே சொல்கிறார்! பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெட்டவில்லை. என் முறை வந்தபோது பாதி நெல் பதராகிவிட்டது.

மறுவருடமும் குளம் நிரம்பவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழும்பி, மேலிருந்தே தண்ணீரைத் தொடங்குவோம் என்றார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மேசையில் சீட்டுப் பெட்டி இருந்தது. இன்னும் குலுக்கவில்லை.

வயிறு எரிய எரியக் கையைத் தூக்கினேன்.

"கடைசித் துண்டுக்குத்தான் முதல் தண்ணி!"