ஒரே தடவைதான் கேட்டேன்

கனடாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு, அந்த நாட்டுக் குடிமகனாகவே ஓய்வுக்காலத்துக்குக் கோவை வந்தவன் நான்.

போன மாதம் என் மகளின் மாமனார், சர்க்கரை நோயாளி, வெள்ளகோவிலிலிருந்து பஸ்ஸில் மதிய வெயிலில் வந்தார். "சாப்பிடறீங்களா சம்பந்தி?" என்றேன். "வேண்டாமுங்க" என்றார். கனடாப் பழக்கத்தில் நான் அதை அப்படியே நம்பி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டும் முடித்தேன்.

அவர் விடைபெற்றுப் போன சற்று நேரத்தில் தெருமுனை பேக்கரிக்காரர் போன் செய்தார். "உங்க சம்பந்தி மயங்கி உக்காந்துட்டாருங்க."

பதறி ஓடினேன். அதற்குள் தேங்காய் பன்னில் பாதி முடித்திருந்த சம்பந்தி சொன்னார்: "இன்னொருக்கா கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேனுங்க."

வெட்கத்தில் தலை நிமிரவில்லை. இப்போதெல்லாம் நான் யாரையும் கேட்பதே இல்லை, தட்டை வைத்துவிடுகிறேன். நேற்று மின்கணக்கு எடுக்க வந்தவர்கூடச் சாப்பிட்டுவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தார்.